கெளுத்தி முள் குத்திய கை

கோவளத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து சேலையூர் தெருக்களுக்கு மீன் கொண்டுவந்தவள் முத்தாலம்மாள். கல்யாணமான நாள் முதல் தலையில் சும்மாடு, அதன்மேல் ஐஸும் மீனுமாகக் கூடை. அந்தக் கழுத்து கோணி யாரும் பார்த்ததில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கை இளைத்தது. கட்டைவிரல் பக்கத்துச் சதை வற்றி, கத்தி நழுவியது. கால்கள் பின்னின. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், "மரத்துப்போகுதா?" என்று கேட்டார்கள். "அதெல்லாம் இல்ல சார்" என்றாள். சதை கரைகிறது, மரப்பு இல்லை. அப்படியானால் தசையை ஆட்டிவைக்கும் நரம்புகளே சாகிற வியாதிதான், மருந்து கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவள் பாதி கனவில்தான் இருந்தாள். வெயில் காய உட்கார்ந்தால், கைகள் இரண்டும் கழன்று அலைமேல் மிதந்துபோவதுபோல் இருக்கும். போங்கடி என்று விட்டுவிடுவாள். சாகப் பயமில்லை என்று சொல்லிக்கொண்டாள். சுத்தப் பொய்.

புருஷன் துலுக்காணம் விடவில்லை. தாம்பரத்தில் நரம்பு டாக்டர் வேதசிரோமணியிடம் இழுத்துப்போனான். அவர் நாக்கை நீட்டச் சொன்னார். அந்த வியாதிக்காரர்கள் பலருக்கு நாக்கும் இளைத்துத் துடிக்கும். இவளுக்கு அது இல்லை. பிறகு கையைத் திருப்பினார். விரலில் கறுத்த புண்.

"இது என்னம்மா?"

"கெளுத்தி முள்ளு சார்."

"குத்தினா கத்திடுவாங்களே! எப்போ குத்துச்சு?"

"தெரீல சார். இவரு பாத்துதான் சொன்னாரு."

"அப்புறம் ஏம்மா அந்த ஆஸ்பத்திரியில மரப்பு இல்லைன்னு சொன்னே?"

"ஐஸ்ல கெடக்குற கை மரக்காதா சார்? எங்க குப்பத்துல மீன் விக்கிற அல்லாருக்கும் அப்டித்தான் கீது. அத்தப் போயி வியாதின்னு சொல்லுவாங்களா?"

டாக்டர் சிரித்தேவிட்டார். "அந்த வியாதியில சதை போகும்மா, உணர்ச்சி போகாது. உனக்கு உணர்ச்சியே போயிருக்கு. கழுத்தெலும்பு உள்ள இருக்கற தண்டுவடத்தை அழுத்துதுன்னு நினைக்கிறேன். படம் எடுத்துப் பாத்துடலாம்."

படமும் அதையே சொன்னது. கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. கால் தெளிந்தது. வற்றிய சதை முழுசாகத் திரும்பவில்லை. கூடையை மறுபடி தலையில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் சேலையூர் ரோட்டோரம் பலகை போட்டு உட்கார்ந்தாள். கனவு மட்டும் முழுசாகக் கலையவில்லை; கைகள் இன்னும் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தன.

ஒரு காலை கெளுத்தி கழுவுகையில் "அய்யோ!" என்று அலறினாள். துலுக்காணம் பதறி ஓடிவந்தான்.

"இன்னாமே ஆச்சு?"

விரலில் ரத்தம். கண்ணில் நீர் முட்ட அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுய்யா. உசுரு போற மாரி வலிக்குது."