கள் இல்லாத ஆப்பம்

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்துப் போகும் சந்தில் மர்சலின் குடியிருந்தாள். கணவர் ராஜநாயகம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் இல்லை. பெற்றோர் போனபிறகு தங்கை கிளாடிஸும் கூட வந்து இருந்தாள். மூன்று பேருக்குச் சோறாக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? மிச்சப் பொழுதெல்லாம் மர்சலினுக்குப் புதுப் புதுச் சமையல்தான்.

எந்த வீட்டில் எதைத் தின்றாலும், "இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்காமல் எழுந்திருக்க மாட்டாள். சங்கடம் என்னவென்றால், பதிலில் பாதியைத்தான் காதில் வாங்குவாள். மீதியை வீட்டுக்கு நடந்து வரும் வழியில் தானே யோசித்து நிரப்பிக்கொள்வாள்.

யுத்த காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ரேஷனில் கோதுமை போட்டபோது தெருவே முகம் வாடியது. மர்சலின் மட்டும் குஷியாகிவிட்டாள். வாணலியில் மணல் பரப்பி, அதற்குள் மாவு வைத்த ஏனத்தை இறக்கி, மேல்தட்டில் கரி நெருப்பைப் போட்டு ரொட்டி சுட்டாள். ராஜநாயகம் அதைக் காப்பியில் தோய்த்தார். ஊறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறியதே தவிர ரொட்டி அசையவில்லை. பிறகு ஒருமுறை பப்பாளி ஜாம் செய்தாள். அது ஜாடியில் இறுகி, குத்திய கரண்டியோடு நின்றுவிட்டது. ஜாடியை உடைத்துத்தான் கரண்டியை மீட்க முடிந்தது.

ராஜநாயகம் ஒன்றும் சொல்கிறவர் இல்லை. போட்டதைத் தின்பார். அப்படித் தின்ற நாட்களில், சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, "பாண்டி பஜார் வரைக்கும் போயிட்டு வரேன்" என்பார். ஹோட்டலுக்குத்தான் போகிறார் என்பது மர்சலினுக்குத் தெரியும். அன்று முழுதும் அவளுக்கு மனசு சுருங்கியிருக்கும். மறுநாள் காலையில் வேறொன்றை ஆரம்பித்துவிடுவாள்.

அவள் பிழையில்லாமல் செய்தது ஆப்பம் ஒன்றுதான். வேலு என்பவன் அதிகாலையில் ஒரு சின்னச் சொம்பில் கள் கொண்டுவந்து தருவான். மாவில் அதை ஊற்றிவிட்டால் பொங்க வேண்டியது தானாகப் பொங்கிவிடும். நாற்பத்தெட்டாம் வருஷம் அக்டோபரில் பட்டணத்துக்கும் மதுவிலக்கு வந்தது. வேலு தோட்ட வேலைக்குப் போய்விட்டான். கோயில் பங்கைச் சேர்ந்த எல்லார் வீட்டு ஆப்பமும் தட்டையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெண்கள் பேசியதெல்லாம் இந்த ஒரு விஷயம்தான்.

மர்சலின் ஆப்ப சோடா போட்டுப் பார்த்தாள். கை நிறையப் போட்டதால் சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. பழைய இட்லி மாவைக் கலந்து பார்த்தாள். தோசைதான் வந்தது. அப்போதுதான் அடையாறிலிருந்து பூசைக்கு வரும் லூயிசா ஒரு வழி சொன்னாள். இளநீரில் சர்க்கரை போட்டு ஒரு ராத்திரி வைக்க வேண்டும், வாயைத் துணியால் லேசாகக் கட்ட வேண்டும். சர்க்கரை என்பது வரை மர்சலின் கேட்டாள். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

எவ்வளவு நேரம் வைப்பது என்பது காதில் விழாததால், மூன்று நாள் இருக்கட்டும் என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள். இளநீரையும் சர்க்கரையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, தக்கையை இறுக்கி அடித்து, வெயில் படட்டும் என்று கூடத்து ஜன்னலில் வைத்தாள்.

மூன்றாம் நாள் கிளாடிஸைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை ஆரோக்கியநாதன் மாம்பலத்துக்காரர், துறைமுகத்தில் குமாஸ்தா. காலையில் புட்டியைத் திறந்து பாதியை ஆப்ப மாவில் கலந்துவிட்டு, மீதி நாளைக்கு ஆகும் என்று தக்கையை மறுபடி அடித்து ஜன்னலிலேயே வைத்தாள் மர்சலின். மத்தியானம் மீன்காரி தேசம்மா நல்ல வஞ்சிரமாகப் பார்த்துக் கொண்டுவந்தாள். விசேஷம் என்று தெரிந்ததும், தானே கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து நறுக்கிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமல் போவதில்லை என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

சாயங்காலம் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். கூடவே தாய்மாமன் பவுல்சாமியும் வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர் என்று அவருக்கு ஜன்னலோர நாற்காலியைப் போட்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். மீசையைத் தடவிக்கொண்டு, "பொண்ணு எது வரைக்கும் படிச்சிருக்குது?" என்று ஆரம்பித்தார்.

ராஜநாயகம் வாயைத் திறக்குமுன் ஜன்னலில் படாரென்று ஒரு சத்தம். தக்கை கூரையில் மோதி, மர்சலினின் காலடியில் வந்து விழுந்தது. நுரை பொங்கி பவுல்சாமியின் தோளிலிருந்து கை வரைக்கும் வழிந்தது. கூடம் முழுவதும் கள்ளின் புளித்த வாடை பரவியது.

பவுல்சாமி எழுந்திருக்கவில்லை. கோட்டுக் கையை நிதானமாக மூக்கருகே கொண்டுபோனார்.

"வாத்தியாரே, இது இன்னா வாசனை?"

ராஜநாயகத்துக்குப் பொய் சொல்ல வராது. "எனக்குத் தெரியலைங்க. இவளைத்தான் கேக்கணும்."

"இளநீர்ங்க, ஆப்பத்துக்கு" என்றாள் மர்சலின்.

"இளநீர் வெடிக்குமா?"

"மூணு நாள் வெயில்ல வச்சிட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். தங்கையின் கலியாணத்தைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று மர்சலினுக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் சத்தம் கேட்டு, கையில் மீன் கத்தியோடு தேசம்மா ஓடி வந்தாள். பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அய்யா, நீ தப்பா நென்ச்சிக்காத. இந்தம்மா சாராயம் காச்சுற ஆளா? வெறும் தண்ணி காச்சினாலே அடி புடிக்க வுட்டுடும். ஒரு தபா ஜாமுன்னு ஒண்ணு பண்ணிச்சி பாரு, கரண்டிய எடுக்க ஜாடிய ஒட்ச்சாங்க. நான்தான் அத்த வாரிக் கொட்டினேன்."

அதோடு நிற்கவில்லை. ரொட்டி, சோடா ஆப்பம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். மர்சலினுக்கு முகம் எரிந்தது. ஆனால் முதலில் பவுல்சாமியின் தோள் குலுங்கியது, பிறகு மீசை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை எடுத்துவிட்டாள்.

"செரிம்மா, அந்த ஆப்பத்தக் கொண்டாங்க" என்றார் பவுல்சாமி.

சமையலறையில் மாவு பானையைத் தாண்டிப் பொங்கி, தரையெல்லாம் வழிந்து கிடந்தது. கள்ளுக்கே அப்படிப் பொங்கியதில்லை. பானையில் மிஞ்சியதை எடுத்து ஊற்றினாள். ஓரம் முறுகவில்லை. சட்டியோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. துண்டும் துணுக்குமாகத் தட்டில் வைத்து, தேங்காய்ப்பால் மீன் குழம்பை மேலே ஊற்றி, வருவது வரட்டும் என்று கிளாடிஸின் கையில் கொடுத்து அனுப்பினாள்.

ஆரோக்கியநாதன் முதல் தட்டைக் காலி செய்தார். இரண்டாவதையும் முடித்தார். பிறகு, "இன்னும் இருக்குதுங்களா?" என்று கிளாடிஸைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு அவர் அவளிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அவருடைய அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள்.

"உருவம் சரியில்ல. ஆனா அந்தப் பழைய புளிப்பு வந்திருக்கு. கள்ளு நின்னதிலேருந்து எங்க வீட்டுல ஆப்பமே சுடலம்மா. எப்படின்னு சொல்லு."

மர்சலின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தக்கையை மட்டும் இறுக்க வேண்டாம் என்றாள்.

அவர்கள் போனதும், தரையில் வழிந்த மாவை அக்காவும் தங்கையும் துடைத்தார்கள்.

"என்னடி சொல்றே?" என்று கேட்டாள் மர்சலின்.

"அக்கா, அந்த ஆப்பத்தை முகம் சுளிக்காம மூணு தட்டு சாப்பிட்டாரு. எனக்கு உன் அளவுகூடச் சமைக்க வராது. இவரை விட்டா வேற யாரு கிடைப்பாங்க" என்றாள் கிளாடிஸ்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரியில் கலியாணம் நடந்தது. விருந்துச் சமையலில் மர்சலின் கை வைக்கக்கூடாது என்று ராஜநாயகம் முன்கூட்டியே பிரியாணிக்குச் சமையல்காரர் பீர் முஹம்மதுவைப் பேசிவிட்டார். அதற்காக அவள் பந்தலில் உட்கார்ந்திருக்கவில்லை. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாள்.

"பாய், மூடி மேல நெருப்பு எதுக்கு?" என்று கேட்டாள். அவர் சலிக்காமல் விளக்கினார். கூப்பிட்ட யாருக்கும் திரும்பாமல், கடைசி வரை நின்று கேட்டாள்.

அடுத்த வாரம் ஒரு பகலில் ராஜநாயகம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தார். தட்டில் பிரியாணி இருந்தது. எச்சரிக்கையாக ஒரு வாய் எடுத்து வைத்தார். சோறு உதிரியாக இருந்தது. கறி பதமாக வெந்திருந்தது. இன்னொரு வாய் வைத்தார். பிறகு நிமிர்ந்து, "எந்தக் கடையில வாங்கினே?" என்று உண்மையாகவே கேட்டார்.

மர்சலின் அன்று பொழுது சாய்கிற வரை அவரோடு பேசவில்லை. அவர் பாண்டி பஜாருக்கும் போகவில்லை. பாத்திரத்தில் மிச்சமிருந்ததை ராத்திரி தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.