துண்டுக்கு அடியில் ஒரு பக்கம்

மாணவி துர்காதேவி மதுரைக்குப் படிக்கக் கிளம்பிப் போன அந்த ஆனி மாதத் திங்கட்கிழமையும் ஜெகதீஸ்வரியின் வலது கை தோள்பைக்குள்தான் இருந்தது. நரிக்குடியில் பஸ் நகர்ந்து, சன்னலோரத்து இரட்டைச் சடை திருப்பத்தில் மறைகிறவரை இடது கையால்தான் அசைத்து வழியனுப்பினாள். அடுத்த பஸ்ஸில் ஏறி நின்றபோதும் வலது கை வெளியே வரவில்லை. அந்தத் தடத்துக் கண்டக்டர் பழகியவர். முதலில் சில்லறை தேடுகிறாள் என்று நினைத்துக் காத்து நிற்பார். இப்போதெல்லாம், "டீச்சர் தொழாவி முடிச்சதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விடுகிறார்.

பைக்குள் இருப்பது பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று. அதில் அவளே குத்தூசியால் குத்திய பிரெயில் புள்ளிகள். பார்க்காமல், விரலால் மட்டும் வாசிக்கப் பழகுகிறாள். வேலைக்கு வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் சொந்த ஊர் அரசுப் பள்ளியிலேயே மற்றவர்களோடு சேர்ந்து படிக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய் பிரெயில் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர் அவள். அருப்புக்கோட்டையில் வீடு, வேலை திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களில். ஒரு பள்ளியில் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் அடுத்த ஊர் பஸ் வரும் ரோட்டுக்குப் போய்விடும். தலைமையாசிரியர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசுவாள். வண்டி வாங்கச் சொன்னால், "ஒப்பந்த வேல சார். அடுத்த வருசம் இருக்கோ என்னமோ. லோனு போட்டு வாங்கி எங்க ஓட்ட?" என்பாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் புள்ளி டீச்சர்.

கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் பத்திரிகையைப் பார்ப்பாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்பு. மெல்லிய தாள் என்றால் பெண்வீட்டார் மேலேயே மரியாதை குறைந்துவிடும். கனமான அட்டை என்றால், மிச்சம் கிடப்பதை எடுத்து வைக்கச் சொல்லித் தாலி கட்டுமுன்பே கேட்டுவிடுவாள். பிரெயில் தாள் எப்போதாவதுதான் வருகிறது. ஊரில் கல்யாணங்கள் நிற்பதில்லை.

துர்காதேவி அவளிடம் வந்தது ஆறாம் வகுப்பில். ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும் நோய். இப்போது தெரிகிறது, இனிமேல் குறையும், எப்போது முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். கண் இருக்கும்போதே விரல் பழகிவிட வேண்டும். கண் போன பிறகு தொடங்கினால் அந்தப் பெண் ஓரிரு வருடம் எழுத்தே இல்லாமல் கிடக்கும். ஜெகதீஸ்வரியைத் துரத்திக்கொண்டிருந்தது இந்தக் கணக்குத்தான். ஒவ்வொரு வாரமும் துர்காவின் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, போன வாரத்தைவிட எவ்வளவு குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்குவாள்.

பெண்ணோ வெகு கெட்டிக்காரி. மற்ற பிள்ளைகள் ஒரு வரியைத் தடவி முடிப்பதற்குள் இவள் பக்கத்தையே வாசித்துவிடுவாள். ஜெகதீஸ்வரி அதைக் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஐப்பசியில் வானம் மூடிக்கிடந்த ஒருநாள், அதே பெண் முதல் வரியிலேயே தடுக்கி நின்றது. அப்போதுதான் கவனித்தாள்: வாய் முன்னால் போகிறது, விரல் பின்னால் வருகிறது. சன்னல் வெயில் பக்கவாட்டில் விழும்போது புள்ளிகளுக்கு நிழல் உண்டு. அந்த நிழலைக் கண்ணால் படித்துவிட்டு, டீச்சருக்காக விரலை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

திட்டவில்லை. சத்துணவுக்கூடத்தில் போய் ஒரு துண்டை வாங்கிவந்து, பெண்ணின் கைகளையும் தாளையும் சேர்த்து மூடினாள்.

"இப்ப வாசி."

துர்கா விரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு துண்டை டீச்சர் பக்கம் தள்ளி, "நீங்க வாசிங்க டீச்சர்" என்றாள்.

ஜெகதீஸ்வரி கையை உள்ளே விட்டாள். மேடும் பள்ளமுமாக ஏதோ தட்டுப்பட்டது. எழுத்து ஒன்றுகூட எழுந்து வரவில்லை. பயிற்சியில் கண்ணால் படித்துத் தேறியவள். இத்தனை நாளும் கண்ணால் பார்த்துத்தான் பிள்ளைகளைத் திருத்தியிருக்கிறாள். துர்கா சிரித்தாள். "நீங்களும் என்னைய மாதிரிதான்." அன்று சாயங்காலம் பைக்குள் போன கைதான்.

துர்காவின் அப்பா சந்தனம் மாட்டுத் தரகர். தங்கமான மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு. மகளுக்குக் கண்ணாடி கனமாகிக்கொண்டே போனதை அவர் பார்வை கூடுவதற்கான வழி என்று நினைத்தார். வீட்டுக்குத் தேடிப்போன ஜெகதீஸ்வரியிடம் மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "கண்ணு தெரியிற புள்ளைய எதுக்கு டீச்சர் குருடியாக்குறீக?" அந்தச் சொல் பல இரவுகள் அவளைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் மறு வாரம் அதே பஸ்ஸில் போய் இறங்கினாள்.

பிரெயில் வகுப்பிலிருந்து மகளை நிறுத்தச் சொல்ல அவர் ஒருநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தவர் வாசலில் நின்றார். மகளின் இரண்டு கையும் துண்டுக்கு அடியில். முகம் எங்கோ பார்க்கிறது. விரல்கள் உள்ளே மெல்ல ஊர்கின்றன.

அவர் முகம் மாறியது. "என்ன டீச்சர், எந்தொழில எம்மகளுக்குச் சொல்லிக்குடுக்குறீக?"

சந்தையில் தரகர்கள் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு, அதற்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துர்கா சின்னப் பிள்ளையாக அப்பாவின் மடியில் உட்கார்ந்து விளையாடிய விளையாட்டே அதுதான் என்பது ஜெகதீஸ்வரிக்கு அப்போது தெரியாது.

"இங்க வாப்பா, ஒரு வெல சொல்லு" என்றாள் துர்கா.

அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். கை உள்ளே போனது. நாலு விரல், பிறகு ஒரு மடக்கு.

"நாப்பத்தஞ்சாயிரம். மாடு சோடியா, ஒத்தையா?"

"சோடிதான்."

"அப்பச் சரி. ஒத்தைக்குன்னா நீ ஏமாத்துறேன்னு சொல்லிருப்பேன்."

ஜெகதீஸ்வரி சிரித்துவிட்டாள். சந்தனம் சிரிக்கவில்லை. துண்டுக்கு அடியிலிருந்து கையை மெல்ல எடுத்தார். எழுந்தபோது தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மகள் மடியில் போட்டார். "அது சின்னத் துண்டு, நழுவும். இத வச்சுக்க." வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "படிக்கட்டும் டீச்சர். வெரலு படிச்சா நல்லதுதான். ஆனா கண்ணு போகாது. அத மட்டும் எங்கிட்டச் சொல்லாதீக."

அவள் சொல்லவில்லை. அந்த உடன்பாட்டில்தான் மிச்ச வருடங்கள் ஓடின. எட்டோடு அந்த ஊர்ப் பள்ளி முடிந்தது. மதுரையில் விடுதியோடு இருந்த ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. துர்கா வாசிக்கக் கற்றிருந்தாள். ஆனால் தனியாக விட்டால் அந்த விரல்கள் உழைக்குமா, கண் மறுபடி சன்னல் பக்கம் திரும்பிவிடுமா என்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியாது. மதுரை பஸ் போன பிறகு அதைக் கேட்க ஆளும் இல்லை. போனில் பேசினால் எல்லாம் நல்லா இருக்கு டீச்சர் என்ற பதில்தான் வரும். அவளும் வேறு ஊர், வேறு பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் இரண்டு முறை நீண்டது. காரியாபட்டி சந்தையில் ஒருமுறை சந்தனத்தைப் பார்த்தாள். மகள் நன்றாகப் படிப்பதாகவும், பார்வை அப்படியே நிற்பதாகவும் சொன்னார். அவர் குரலில் இருந்த தெம்பைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

துர்கா பதினோராம் வகுப்புக்குப் போன வருடம், காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் குரல்பதிவு ஒன்று வந்தது. ஜெகதீஸ்வரி திருச்சுழியில் ஒரு பள்ளி வராந்தாவில் நின்றிருந்தாள். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"டீச்சர், நான் துர்கா. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் தெரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு, அதுவும் போயிருச்சு. போன மாசமே. இங்க ரொம்பப் பேருக்குத் தெரியாது. நாம்பாட்டுக்கு வாசிச்சிக்கிட்டு இருக்கேன், பரீச்சையும் எழுதிட்டேன். அப்பாகிட்டத்தான் இன்னும் சொல்லல. தீபாவளிக்கு வாரேன். சொல்லும்போது நீங்க கூட இருப்பீங்களா?"

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். பின்னால் எங்கோ விடுதி மணி அடிக்கும் சத்தம் இருந்தது. பதில் சொல்லப் பொத்தானை அழுத்தி, ஒரு வார்த்தையில் நின்று, அழித்தாள். மறுபடி அழுத்தி, நீளமாக என்னென்னவோ சொல்லி, அதையும் அழித்தாள். வகுப்புக்குள்ளிருந்து ஒரு பிள்ளை கூப்பிட்டது. வாரேன் என்று கையைக் காட்டிவிட்டு, மூன்றாம் முறை போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"எத்தன மணி பஸ்ஸுக்கு வார?"