ஹம்சாவின் ஏப்ரல் பதினாலு

ராஜா அண்ணாமலைபுரத்தில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஹம்சா பதினோரு வருடமாகச் சமைத்துவந்தாள். சுத்த சைவ விடுதி. சின்ன வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் அவள் கையில் அப்படி வரும். லீவில் ஊருக்குப் போய் வரும் பெண்கள் பெட்டியை வைத்ததும் முதலில் சமையலறையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஹம்சா தன் வீட்டில் என்ன சமைப்பாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்காத வரைக்கும் நல்லது என்று அவளும் இருந்துவிட்டாள்.

வருடத்தில் ஒரே ஒரு நாள் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏப்ரல் பதினாலு, அம்பேத்கர் பிறந்த நாள். மந்தைவெளியில் அவள் குடியிருக்கும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் அன்று நீலத் தோரணம் கட்டி, நடுத்தெருவில் அண்டா ஏற்றி, மாட்டுக்கறி பிரியாணி போடுவார்கள். விடுதியிலோ அன்றைக்குத் தமிழ் வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, பாயசம் என்று இரட்டிப்பு வேலை. லீவு கேட்க ஹம்சா ஒரு வருடம் கல்யாணம் என்பாள், அடுத்த வருடம் காதுகுத்து.

“அதென்ன, உங்க சொந்தக்காரங்களுக்கு வருஷப் பொறப்பு அன்னைக்குத்தான் முகூர்த்தம் வருமா?” என்பார் வார்டன் மீனாட்சி. ஹம்சா சிரித்து மழுப்பிவிடுவாள்.

அப்படி இருக்கையில்தான் அமெரிக்காவிலிருந்து நவோமி விடுதிக்குத் தங்க வந்தாள். ஹூஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பெண், முப்பது வயதிருக்கும். தமிழ் படிக்க வந்தவள். தெருவில் போனால் ஆட்டோக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளாமல், படித்த தமிழை ஹம்சாவிடம்தான் பேசிப் பழகினாள்.

ஜூன் மாதம் ஒரு காலையில் சமையலறைக்கு வந்து கேட்டாள்: “அக்கா, பத்தொன்பதாம் தேதி எங்கள் மக்களின் பண்டிகை. மாட்டு விலா எலும்பு எங்கே கிடைக்கும்?”

ஹம்சாவின் கரண்டி ஒரு நொடி நின்றது. “எனக்கு இன்னாம்மா தெரியும்? அதெல்லாம் நான் வாங்கனதே இல்ல.”

“மன்னியுங்கள் அக்கா. தப்பாகக் கேட்டுவிட்டேன்.”

அவள் உடனே நம்பிவிட்டதுதான் ஹம்சாவுக்கு என்னவோ செய்தது. பேச்சை மாற்ற, “அது இன்னா பண்டிக?” என்று கேட்டாள்.

நவோமி நிதானமாக, வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள். அவளுடைய முன்னோர்கள் பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்தவர்கள். விடுதலை உத்தரவு போட்டு இரண்டரை வருடம் கழித்துத்தான் அவர்கள் ஊருக்குச் சேதி வந்து சேர்ந்தது. வந்த நாள் ஜூன் பத்தொன்பது. செத்துப்போனவர்களின் ரத்தத்தை நினைத்து அன்று சிவப்பாக உண்பார்கள், சிவப்பாகக் குடிப்பார்கள்.

“நல்ல கறியை எசமான் எடுத்துக்கொள்வார். விலா, கால், குடல் எங்களுக்கு. எங்கள் பெண்கள் அதை ருசியாக்கினார்கள். இப்போது வாசலில் மேஜை போட்டு, தெருவே பார்க்கச் சாப்பிடுகிறோம்.”

“குடலா? போட்டியா?” ஹம்சாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். “நான் பொய் சொன்னேம்மா. கட எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். எங்க வூட்லயும் அதான். இங்க கறி ஏத்தக்கூடாது. நீ எங்க வூட்டாண்ட வந்து சமை.”

பத்தொன்பதாம் தேதி இருவரும் விடிந்ததும் போய்க் கறி வாங்கினார்கள். நவோமி விலா எலும்பில் தக்காளியும் மிளகாய்த்தூளும் வெல்லமும் பிசைந்தாள். ஏப்ரல் பிரியாணிக்கு மாஸ்டரான கீழ்வீட்டு டில்லிபாபு பதறிப்போனான்.

“இன்னாக்கா, கறில வெல்லத்தப் போடுது?”

“கம்முனு இரு. துண்ணுட்டுச் சொல்லு.”

கரி அடுப்பில் சுட்டெடுத்ததும் டில்லிபாபு மூன்று எலும்பைக் காலி செய்தான். நவோமி செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்தாள். கருநீலமாக இருந்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்ததும் சட்டென்று சிவந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். ஹம்சா தன் பங்குக்குப் போட்டி வறுவல் வைத்தாள். நவோமி ஒரு வாய் மென்று, “மிளகு ஜாஸ்தி. என் அம்மா இதற்கு வினிகர் ஊற்றுவார்” என்றாள். தட்டை மட்டும் வழித்துவிட்டாள்.

ஜனவரியில் நவோமி ஊர் திரும்பினாள். ஏப்ரல் வந்தது. ஹம்சா மீனாட்சியின் அறை வாசலில் போய் நின்றாள்.

“இந்த வருஷம் யாருக்குக் கல்யாணம்?”

“யாருக்கும் இல்ல மேடம். அம்பேத்கர் பொறந்த நாளு. வருஷா வருஷம் அதுக்குத்தான் போறேன். எங்க தெருவுல மாட்டுக்கறி பிரியாணி போடுவாங்க. இதுவரிக்கும் பொய் சொல்லிக்கினு இருந்தேன்.”

மீனாட்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை போயிற்று என்றே ஹம்சா நினைத்தாள்.

“மாங்காய முந்தின நாளே நறுக்கி வச்சுட்டுப் போ” என்றார் மீனாட்சி.

அவ்வளவுதான். ஆனால் மறுநாளிலிருந்து தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார். ஹம்சாவுக்கு அது உறைக்காமல் இல்லை. கேட்கவும் இல்லை, குனியவும் இல்லை. எப்போதும்போல் சாம்பார் கொதித்தது.

சேதி விடுதி முழுக்கப் பரவியது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மேகலா சமையலறைக்கு வந்து, “அக்கா, எனக்கு யாருக்கும் தெரியாம ஒரு பொட்டலம்?” என்று கிசுகிசுத்தாள்.

“பொட்டலமெல்லாம் கெடையாது. வேணும்னா எங்க தெருவுக்கு வா. குந்திக்கினு துண்ணு.”

மேகலா வந்தாள், இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு. மேளச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. நீல முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஹம்சா அண்டாவின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“யாருக்கா இவங்க?” என்று டில்லிபாபு கத்தினான்.

“எங்க ஆஸ்டல் பொண்ணுங்க!” என்று அவளும் கத்தினாள்.

வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி சுட்டது. மூவரும் துப்பட்டாவை விரித்துப்போட்டு உட்கார்ந்தார்கள். மேகலா இரண்டாவது தடவை தட்டை நீட்டியபோது, ஹம்சா அண்டாவின் அடிவரை கரண்டியை விட்டு, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துவைத்தாள்.