கிணற்றடிக் காட்சியில் விழுந்த அடிகள்

பள்ளிக்கூட நாட்களில் வாரம் ஒருமுறை ஒளிபரப்பான ஒரு தொடரின் மேல் எனக்குப் பைத்தியம். மொத்தம் இருபத்தாறு வாரம் வந்தது. அதில் பாதியைப் பத்மநாபபுரத்துத் தெருக்களில் எடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்தான். படப்பிடிப்பு நடந்தது அப்போது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தத் தொடரில் வீட்டின் இளைய மகளாக வந்த பெண், ஏழாவது வாரத்தில் கிணற்றடியில் நின்று அழுவாள். வசனம் கிடையாது. கயிற்றைப் பிடித்தபடி, கன்னம் சிவந்து, உதடு துடிக்க, ஒரு நிமிடத்துக்கும் மேல் அழுவாள். இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை என்று முப்பது வருடமாகக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மாத்திரை கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தத் தொடரைத் தேடுவதிலேயே போனது. ஒளிபரப்பியவர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்த நாடாக்களில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதன் பிறகு, வளைகுடாவிலிருந்து வி.சி.ஆர். வந்திறங்கிய வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினேன். கல்யாண கேசட்டின் கடைசியில் ஒரு வாரம், பூஞ்சணம் பிடித்த பெட்டியில் இரண்டு வாரம் என்று பத்தொன்பது கிடைத்தன. கொடுக்கத் தயங்கியவர்களிடம், “இது சரித்திரம். பூட்டி வைக்க நீங்க யாரு?” என்று சண்டையே போட்டிருக்கிறேன்.

இந்தத் தேடலில் எனக்குத் துணை, குளச்சலில் மொபைல் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. உடன்பிறந்தவன் அல்ல, தொடரால் வந்த பழக்கம். அந்தத் தொடரின் ரசிகர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவன் அவன்தான். போன வருடம் ஒருநாள் போன் செய்தான்.

“அக்கா, திருவட்டார் பக்கம் ஒரு ஆளு இருக்காரு. அந்த ஷூட்டிங்ல லைட் பிடிச்சவரு. கையில சின்ன கேமரா வச்சு எடுத்துருக்காராம். வாறியளா?”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு போனோம். பெரியவர் கேசட்டைப் பழைய கேமராவில் போட்டு, அதை டிவியோடு இணைத்துக் காட்டினார். முதலில் தேநீர், சிரிப்பு, தலைவாரும் நடிகைகள். பிறகு கிணற்றடி வந்தது.

அந்தப் பெண்ணுக்கு அழுகை வரவில்லை. இயக்குநர் வந்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். “இப்ப வருமா?” என்றார். வரவில்லை. மறுபடியும் அறைந்தார். நான் எண்ணினேன், பதினொன்று. குடை பிடித்திருந்த ஒருவன் சிரித்தான். அவளுடைய அம்மா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது அறைக்குப் பிறகு இயக்குநர் ஒதுங்கிக்கொள்ள, கேமரா ஓடியது. நான் முப்பது வருடமாகப் புகழ்ந்த அழுகை அதுதான். கன்னம் சிவந்திருந்தது ஒப்பனையால் அல்ல.

“அப்போ அவளுக்கு என்ன வயசு?” என்று கேட்டேன்.

“பதினஞ்சு இருக்கும் பிள்ளே. அந்தக் காலத்துல அப்பிடித்தான். அடிச்சாத்தான் நடிப்பு வரும்பாங்க.”

“நீங்க என்ன செய்துட்டிருந்திய?”

“நான் ஒரு கையில லைட்டும் மறு கையில கேமராவுமால்லா நின்னேன்.”

அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்தபோதுதான், தம்பி தன் போனில் டிவியைப் படம்பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். “இத எங்கயும் போடக்கூடாது, கேட்டியா?” என்றேன். “சும்மா எனக்கு வேண்டித்தான் அக்கா” என்றான்.

நான் வடசேரியில் பஸ் இறங்குவதற்குள் குழுவில் போட்டுவிட்டான். ‘அரிய காட்சி! அந்தக் கண்ணீரின் ரகசியம்!’ என்று தலைப்பு. கீழே சிரிக்கும் முகங்கள். ‘அந்தக் கால அர்ப்பணிப்பே தனி’ என்று ஒருவர் கைகூப்பியிருந்தார். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலுக்கு நடுவே நின்று அவனுக்குப் போன் செய்தேன்.

“எடுத்துரு. இப்பவே எடுத்துரு.”

“அக்கா, இது சரித்திரம்லா. மறைக்க நீங்க யாரு?”

என் வாயில் பிறந்த சொல்லையே என் முகத்தில் எறிந்தான். அவன் மேல் வந்ததைவிட என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் பெரிது. அடிபட்ட ஒரு சிறுமியை, அழகாக அழுகிறாள் என்று இத்தனை வருடம் ரசித்திருக்கிறேன்.

அந்த நடிகையின் எண் ஆறு வருடமாக என்னிடம் இருந்தது. தொந்தரவு செய்யக்கூடாது என்று அழைக்காமலே வைத்திருந்தேன். மறுநாள் காலை அழைத்தேன். மதுரைப் பக்கம் எங்கோ ஆசிரியையாக இருக்கிறார். நான் யார், வீடியோ எப்படி வெளியே போனது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

“பாத்துட்டேங்க. யாரோ என் மகளுக்கு அனுப்பிட்டாங்க. பாட்டி ஏம்மா எந்திரிச்சு வரலன்னு கேக்குறா. எங்கம்மா இப்ப என் கூடத்தான் இருக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?”

கடைசியில் “அத எடுக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டார்.

அரைநாள் விடுப்பு போட்டுக் குளச்சலுக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் கேட்டேன்: “உன் மகள பதினோரு அடி அடிச்சு, அத ஒருத்தன் எடுத்துப் போட்டா, அதுவும் சரித்திரமாலே?” அவனை அதுவரை நான் ‘லே’ போட்டுப் பேசியதில்லை. “ஆளுக முன்னால வச்சுப் பேசாதீங்க அக்கா” என்றான். அழிக்கும்வரை கல்லாவை விட்டு நகரமாட்டேன் என்று நின்றேன். அழித்தான். போனிலிருந்தும் அழிக்கவைத்தேன். அன்று மாலையே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான்.

அடுத்த ஞாயிறு பெரியவரிடம் தனியாகப் போய் கேசட்டைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். அதைப் பதிவுத் தபாலில் அந்த நடிகைக்கே அனுப்பிவைத்தேன். வைத்திருக்கிறாரா, எரித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு உரிமையும் இல்லை.

ஆனால் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. அதற்குள் நகல் எடுத்தவர்கள் வேறு பக்கங்களில் போட்டுவிட்டார்கள். ஒன்றைப் புகார் செய்து இறக்கினால் இன்னொன்று ஏறுகிறது. ஒவ்வொன்றிலும் அதே பாராட்டு, அந்த இயக்குநருக்கு. போன வாரம் முகம் தெரியாத ஒருவர், ‘நீங்க பெரிய ரசிகைன்னு கேள்விப்பட்டேன், உங்களுக்குப் பிடிக்கும்’ என்று எனக்கே அந்த வீடியோவை அனுப்பியிருந்தார். அவருக்கு நான் எழுதிய பதிலை இங்கே அச்சில் போட முடியாது.