வளையத்தில் படாத பந்து

எங்கள் அண்ணனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ‘கடைசி பஸ்’. தன் கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து, “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று எங்களைக் கேட்டவன். கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்துக்குத் தகுந்தபடி லென்ஸை இழைத்துப் பொருத்துவான். கடை முதலாளி அவனுக்காகவே சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தார். அது தெரிந்த நாளிலிருந்து அண்ணன் அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்துத் தூங்கினான். தூக்கத்தில் கும்பகர்ணனுக்கே பாடம் எடுப்பான். தினமும் காலையில் அவனை எழுப்ப அண்ணி படும் பாட்டைத் தனிக்கதையாகவே எழுதலாம்.

அப்படிப்பட்டவன் கையில் போய்க் கடிகாரத்தைக் கொடுத்திருந்தார்கள். பதினைந்து வருடமாக, சனி ஞாயிறு கூடைப்பந்து ஆட்டங்களில் இருபத்துநான்கு நொடிக் கடிகாரம் அவன் பொறுப்பு. பந்து கைக்கு வந்த அணி இருபத்துநான்கு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து வளையத்தில் பட்டு மறுபடி அவர்கள் கைக்கே வந்தால், கடிகாரம் பதினான்குக்குப் போகும். படாவிட்டால் ஒன்றும் கிடையாது, மிச்சமிருந்த நொடிகளே ஓடும். பட்டதா இல்லையா என்று பார்த்துப் பொத்தானை அமுக்குவதுதான் வேலை. அதற்கு மட்டும் ஒரு நாளும் அவன் தாமதமாகப் போனதில்லை.

“அந்த அக்கறையில கால்வாசி எங்க மேல இருந்தாப் போதும்” என்பார் அண்ணி. அவரும் லேசுப்பட்டவரில்லை. சண்டையில் அவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து அண்ணன், “இருபத்துநாலு ஆச்சு, இனி என் முறை” என்பான். “வளையத்துல பட்டுச்சு. எனக்கு இன்னும் பதினாலு இருக்கு” என்று அண்ணி விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் உலகப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. நேரமும் புள்ளியும் குறிக்கும் மேசையில் உட்காருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். அரையிறுதியில் தவறே செய்யாதவர்களுக்குத்தான் இறுதிப் போட்டி மேசை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த நாற்காலிதான் அண்ணனின் பதினைந்து வருடக் கனவு. அவர்கள் கொடுத்த நீலச் சட்டையைத் தானே தேய்த்து மாட்டி, அதன் பக்கம் யாரும் தும்மக்கூடாது என்று சட்டம் போட்டான்.

அரையிறுதியில் ஆடியது நம் நாட்டு அணி. எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் பனைமரத்தில் பாதி. நானும் அண்ணியும் தெருவே திரண்டு வந்த கூட்டத்தோடு மூன்றாவது வரிசையில் இருந்தோம். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். இருபத்துநான்கில் மூன்று நொடி மிச்சமிருக்கையில் நம் தலைவி எறிந்தாள். கீழே இறங்கிய பந்தை நம் குட்டைப் பெண்ணே தாவிப் பிடித்தாள். அரங்கமே கூரை பிய்ந்துவிடும்படி கத்தியது. கடிகாரம் பதினான்குக்கு மாறியது. பந்து நாலு கை மாறி, எட்டாவது நொடியில் கூடைக்குள் விழுந்தது. நான் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

அப்போது மேசையில் ஒரு கை உயர்ந்திருந்தது. அண்ணனின் கை.

பக்கத்திலிருந்த மேற்பார்வையாளரிடம் அவன் சொன்னது இதுதான்: “பந்து வளையத்துல படலை. கூட்டம் கத்தினதுல அமுக்கிட்டேன். என் தப்பு.” நடுவர்கள் கூடிப் பேசினார்கள், பதிவான படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். கடிகாரம் சரியாக ஓடியிருந்தால் அந்தக் கூடைக்கு முன்பே நேரம் முடிந்திருக்கும். புள்ளியை அழித்துப் பந்தை எதிரணிக்குக் கொடுத்தார்கள். மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

“கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு தெரியலையா!” என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார். கண் நன்றாகத் தெரிந்ததுதான் எங்கள் தலைவலி.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். “யாருமே பார்க்கலையேண்ணா. வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?”

“நான் பார்த்தேனே” என்றான். வாசலில் தெருவே நின்று திட்டிக்கொண்டிருக்க, எட்டரை மணிக்கெல்லாம் உள்ளே குறட்டை கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படித்தான் தூக்கம் வருகிறதோ இந்த மனுஷனுக்கு!

மறுநாள் பட்டியல் வந்தது. அவன் பெயர் இல்லை. தவறு தவறுதான் என்று சொல்லிக் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். அவன் நீலச் சட்டையை மடித்து அலமாரிக்குள் வைப்பதைப் பார்த்தபோது என் கோபமெல்லாம் போய் அழுகை வந்தது.

இறுதிப் போட்டிக்கு எங்களை இழுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் முழுக்க என் முழங்கையைப் பொத்தானாக்கி அமுக்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது கால் பாகத்தில் ஒருத்தி எறிந்தாள், அவள் கூட்டாளியே பிடித்தாள். கடிகாரம் பதினான்கு காட்டியது. என் முழங்கையில் அவன் விரல் அமுங்கவில்லை. அடுத்த நொடிகளில் பந்து கூடைக்குள் விழுந்தது.

“படலைதானே?” என்றேன்.

“படலை.”

மேசையில் அவனுடைய நாற்காலியில் இருந்தவர் கடிகாரப் பலகையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கை உயரவில்லை. நான் கத்துவதற்கு எழுந்தேன். அண்ணன் இழுத்து உட்கார வைத்தான்.

“அது உன் நாற்காலிண்ணா!”

அவன் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தான். “பாவம். இன்னிக்கு அவருக்குத் தூக்கம் வராது” என்றான்.

அண்ணி அவன் பக்கம் திரும்பினார்.

“என்னங்க, நாளைக்கு நான் எழுப்பலை” என்றார். “இஷ்டம்போலத் தூங்குங்க.”