ஹேப்பியா என்று கேட்டார்கள்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் மோட்டார் கொட்டகையிலும் பூச்சிமருந்து டப்பாவிலும் பழகியவை. மனசு சம்பந்தப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: ஹேப்பி. ஓடைப்பட்டியில் நான் வேலை பார்த்த திராட்சைத் தோட்டத்து முதலாளி வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை அது. பொங்கலுக்கு வேட்டி கொடுத்துவிட்டு, "என்னப்பா, ஹேப்பியா?" என்பார். ஞாயிற்றுக்கிழமையும் மருந்தடிக்க வரச் சொல்லிவிட்டு அதையேதான் கேட்பார். "ஹேப்பிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் குனிந்துகொள்வேன். வேறு பதில் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிவான பிறகு கேட்கிற கேள்வி அது.

மகளுக்கு மார்க்கையன்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. தட்டு மாற்றுவதற்கு முந்தின நாள், நான் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அவுகளப் பிடிக்கலப்பா. அம்மாட்ட சொன்னா அழுகுது. நீங்க சொல்லிருங்க."

"சொல்றேன் ஆத்தா" என்றேன்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். பேச்செல்லாம் என் மைத்துனர்தான் பேசினார். நான் சொல்வதற்கு ஒரு இடைவெளி தேடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் தாம்பாளத்தை என் முன்னால் நீட்டி, "என்ன சம்பந்தி, ஹேப்பியா?" என்றார்.

"ஹேப்பிங்கய்யா" என்றேன். வாய் தன்னால் சொன்னது. கையும் தட்டை வாங்கிவிட்டது.

"பேசாத மனுசன இங்கிலீசுல பேச வச்சுட்டீகளே" என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். மகள் உள் அறையில் இருந்தாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே மார்க்கையன்கோட்டை போனேன். பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உட்காரவைத்து இலை போட்டார்கள். இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை ரசம் ஊற்றினார்கள். மறுமுறை, கூச்சப்படாமல் சாப்பிடச் சொன்னார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா வாழையிலையில் பிச்சிப்பூவைக் கட்டி, மருமகளுக்கு என்று என் கையில் கொடுத்தார்.

எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மகள் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பொட்டலத்தைத்தான் பார்த்தாள்.

"சாப்பிட்டீகளா?" என்றாள்.

"ஆமா ஆத்தா."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.