பாலன் குடிலும் எங்கள் பள்ளியும்

கொரோனாப் பயம் ஓய்ந்து, ஊர் பழையபடி சத்தம் போடத் தொடங்கியிருந்த ஒரு நவம்பர் மாதம். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், பிரான்காச்சோ பக்கத்து அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம்.

பலெர்மோவில் தமிழர் என்றால் கத்தோலிக்கர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் சரியும்கூட. மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பகுதி என்று வந்தவர்கள் ஞாயிறு பூசைக்குக் கூடுவார்கள். நானும் மன்னார்தான், ஆனால் முஸ்லிம். தமிழருக்குள் நான் முஸ்லிம், முஸ்லிம்களுக்குள் நான் தமிழ். எந்தக் கூட்டத்திலும் ஓர் ஓரம் எனக்கென்று இருக்கும்.

எங்கள் பகுதியில் துனிசியா, மொராக்கோ, பங்களாதேஷ் குடும்பங்கள் நிறைய. பள்ளிவாசலில் தொழ நகர நடுவுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பலெர்மோ பஸ்ஸை நம்பி வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குப் புறப்பட்டவர் மாலைத் தொழுகைக்குப் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். நோன்பு மாதத்து இரவுத் தொழுகையைப் பெண்கள் நாங்கள் மறந்தே போயிருந்தோம். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய பொது அறை பூட்டிக் கிடந்தது. தொழுவதற்காக அதை வாடகைக்குக் கேட்டோம். வீட்டு உரிமையாளர்கள் கூடி வாக்களித்தால்தான் உண்டு என்றார் நிர்வாகி.

வாடகைக்காரியான எனக்கு வாக்கில்லை. ஆனால் நான்காம் மாடியில் மன்னார் கத்தோலிக்க அக்கா ஒருவர் சொந்த வீட்டில் இருந்தார். "நீயும் வா தங்கச்சி, நான் கதைக்கிறன். நீ வாயை மட்டும் திறந்திடாத" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் வாயைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டம் அந்த அறையிலேயே நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எங்கள் தரப்பில் தொழுகை நடத்தும் துனிசியப் பெரியவரும் இன்னும் சிலரும் சுவரோரம் நின்றார்கள். எதிர்த்தரப்புக்கு இரண்டாம் மாடி இத்தாலிய அம்மா, எல்லோருக்கும் அவர் 'சினியோரா'. அவர் எந்தப் பக்கமோ கட்டிடமும் அந்தப் பக்கம். "இந்த ஊரில் இல்லாத வழக்கம் நமக்கு எதற்கு?" என்று அவர் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

நான் வேலைக்குப் போகும் வழியில்தான் இந்த நகரத்துப் பேராலயம். அதன் தெற்கு வாசல் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கிறது. முதன்முதலில் அந்த எழுத்தைக் கண்ட அன்று வேலையையும் மறந்து நின்றவள் நான். என் ஓட்டை இத்தாலியத்தில் அதைச் சொன்னேன். இருநூறு வருடங்களுக்கு மேல் முஸ்லிம்கள் இங்கே ஆண்டதை, கிறிஸ்தவ அரசர்கள் வந்த பிறகும் சிறுபான்மையாக இருந்து அரண்மனைகளுக்கு உழைத்ததை, கடைசியில் தீவைவிட்டே அகற்றப்பட்டதை எல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

சினியோரா பொறுமையாகக் கேட்டார். "அழகாகச் சொன்னாய். சரி, எங்கள் பாலன் குடிலை எங்கே வைப்பது?"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த அறையில்தான் குழந்தை இயேசுவின் பிறப்பைக் காட்டும் கட்டிடத்தாரின் கிறிஸ்மஸ் குடில். தக்கையால் மலை, மோட்டார் போட்ட நீர்வீழ்ச்சி, ஆட்டு மந்தை, ராஜாக்கள் என்று பொம்மைகளோடு பெரிய ஏற்பாடு. ஆயிரம் வருட வரலாறு அந்த நீர்வீழ்ச்சிக்கு முன்னால் எடுபடவில்லை.

"குடில் இங்கேயே இருக்கட்டும்! எங்களோடு இருக்கட்டும்!" என்று வீரமாகச் சொன்னேன். கட்டிடத்தார் கை தட்டினார்கள். எங்கள் ஆட்கள் தலையில் கை வைத்தார்கள். உருவச் சிலைகள் இருக்கும் இடத்தில் நாங்கள் தொழ மாட்டோம். குழந்தைக்கும் தெரிந்த அந்த விஷயம் எனக்கு மறந்துபோயிருந்தது. சொன்னதைத் திரும்ப வாங்கினால் அறை போய்விடும். வாங்காவிட்டால் அறை கிடைத்தும் தொழ முடியாது.

"வாயைத் திறக்காத எண்டு சொன்னனான் எல்லே!" என்று அக்கா என் தொடையில் கிள்ளினார்.

துனிசியப் பெரியவர் பதறவில்லை. அறையின் நீளத்தை நடந்து பார்த்தார். தெருப்பக்கம் ஒரு கதவு, முற்றத்துப் பக்கம் ஒரு கதவு. நடுவில் பலகைச் சுவர் ஒன்று எழுப்புவோம், முன்பக்கம் உங்கள் குடில், பின்பக்கம் எங்கள் தொழுகை, சுவர் எங்கள் செலவு என்றார்.

சினியோரா விடவில்லை. "போன வருடம் யாரோ ஆடுகளையும் ஒரு ராஜாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். காவலுக்கு யார்?"

"விடியுமுன் தொழுகைக்கு வந்து இரண்டு கதவையும் திறப்பதும் நாங்கள்தான், இரவில் பூட்டுவதும் நாங்கள்தான். உங்கள் ஆட்டைத் திருட வருபவன் எங்களைத் தாண்டித்தான் வர வேண்டும்" என்றார் பெரியவர்.

சினியோரா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே முதல் கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க, "ஒரு வீட்டுக்கு ஒரு கைதான், அம்மா" என்று நிர்வாகி அதட்டினார். நாங்கள் வென்றுவிட்டோம்.

நான் விம்மி விம்மி அழுதேன். அக்காவுக்குக் காரணம் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது, போர்க்காலத்தில், ஆயுதம் ஏந்தியவர்கள் வந்து எங்கள் ஊர் முஸ்லிம்களை உடனே வெளியேறச் சொன்னார்கள். புத்தளத்தில் அகதியாக, தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில்தான் வளர்ந்தேன். அவர் என் தோளை அணைத்து, "அண்டைக்கு எங்களிட்டயும் இப்பிடிக் கேட்டிருந்தா, நாங்களும் கை தூக்கியிருப்பம், தங்கச்சி" என்றார். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

அந்த டிசம்பரில் குடிலுக்குப் பங்களாதேஷ்காரர்கள் வைக்கோல் சுமந்தார்கள். ஓர் ஆடுகூடக் காணாமல் போகவில்லை. சினியோரா, பன்றிக் கொழுப்புச் சேர்க்காமல் எண்ணெயில் பொரித்த கன்னோலி இனிப்பை எங்களுக்கென்று தனித்தட்டில் அனுப்பினார். அடுத்து வந்த நோன்பில், பெண்கள் நாங்கள் தோளோடு தோள் நின்று இரவுத் தொழுகை தொழுதோம். அத்தனை வருடங்களில் எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

சிறுபான்மையினரின் வரலாற்றை எங்கு பார்த்தாலும் ஆண்டார்கள், இருந்தார்கள், துரத்தப்பட்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் 'இங்கேயே இருங்கள்' என்று அக்கம்பக்கத்தார் கை தூக்கிச் சொன்ன ஒரு நாளும் என் வரலாற்றில் உண்டு என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் தலை தானாக நிமிர்கிறது.